நாற்பத்திரண்டு வருஷத்து வாசனை

"கோமளம்! ஓடி வா! சீக்கிரம் ஓடி வா!"

சீனிவாசராகவன் போட்ட கூச்சலில், ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த கோமளம் அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் கரண்டியும் கையுமாகப் பின்கட்டு அறைக்கு ஓடினாள்.

"என்னன்னா? பாம்பா?"

"மோந்து பாரு."

அவர் இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டியது ஒரு கறுப்பு வட்டு. சின்னத் தோசை அகலம், இரண்டு விரல் கனம். மஞ்சளேறிய மெல்லிய காகிதத்தில் சுற்றியிருந்தது. கோமளம் மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

"பெருங்காயம்."

"பெருங்காயம்னு எனக்குத் தெரியாதா? என் தேயிலைக்குள்ள பெருங்காயம் எப்படி வந்தது? அதைச் சொல்லு!"

கதவோரம் துடைப்பத்துடன் நின்றிருந்த முத்தம்மா தொண்டையைச் செருமினாள். "அது நான்தான் சாமி வெச்சேன். சமையல்கட்டுல ஒரே எறும்பு. இந்த ரூம்லதான் ஈ எறும்பு ஒண்ணும் வராதே, அதான் அம்மாவோட பெருங்காய டப்பாவைப் போன வாரம் இந்த அலமாரியில வெச்சேன். மூடி சரியா நிக்கல. ஒரு பேப்பர் சுத்தித்தான் வெச்சேன்."

"எதுக்குப் பக்கத்துல வெச்சே?"

"இந்த வறட்டிக்குப் பக்கத்துலதான்."

சீனிவாசராகவன் கண்ணை மூடிக்கொண்டார். வறட்டி! சீனத்தில் பூஅர் என்று பெயர் சொல்லி, பட்டுத் துணி விரித்து வைத்து, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு எடுக்கிற தேயிலை வட்டை இந்தப் பெண்பிள்ளை மூன்று வருஷமாக வறட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்தக் குடும்பத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அப்பா மைசூர் சமஸ்தானத்து என்ஜினியர்; பிள்ளையும் என்ஜினியர். நாலு தலைமுறையாக ஃபில்டர் காபியைத் தவிர வேறெதுவும் உள்ளே வராத ஐயங்கார் வீடு. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒரு யந்திரத்தைப் பார்த்து வாங்கி வரச் சொல்லி, வேலை பார்த்த தொழிற்சாலை அவரைத் தைவானுக்கு மூன்று மாதம் அனுப்பியது. அங்கே ஒரு கிழவர் கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தில் முப்பது வருஷத்துப் பழைய ஊலாங் தேயிலையை ஊற்றிக் கொடுத்தார். போனது மெஷினுக்கு, வந்தது தேயிலைப் பித்தோடு. பழசாக ஆக விலையும் ருசியும் ஏறுகிற தேயிலை உலகத்தில் உண்டு என்ற செய்தி அவரை அடியோடு மாற்றிவிட்டது. வி.ஆர்.எஸ். வாங்கின பிறகு கேட்கவே வேண்டாம். பின்கட்டு அறை முழுக்க ஜாடிகள், கூடைகள், வட்டுகள். ஊதுபத்தி கூடாது, சாம்பிராணி கூடாது, அப்பளம் பொரித்தால் கதவைச் சாத்த வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கெல்லாம் ராஜா, இப்போது பெருங்காயம் அடித்துக்கொண்டிருந்த இந்த வட்டு. போன வருஷம் மகள் சுப்ரியாவைப் பார்க்க ஹாங்காங் போனபோது, ஒரு சந்துக் கடையில் வாங்கினது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் செய்தது என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். அப்போதிலிருந்து இன்று வரை ஒரு கிள்ளு உடைத்துக் குடித்ததில்லை. மனசு வரவில்லை.

அதைப் படம் எடுத்து இன்டர்நெட்டில், உலகத்துத் தேயிலைப் பித்தர்கள் எல்லாரும் கூடுகிற ஒரு பக்கத்தில் போட்டார். இரண்டே நாளில் ஒரு ஈமெயில் வந்தது. குவாங்ஜோ நகரத்துத் தேயிலை வியாபாரி, பெயர் லியாங். ஒரு கண்காட்சிக்காக ஜூலையில் பெங்களூர் வருகிறாராம். 'உங்கள் வட்டை நேரில் பார்க்க வேண்டும். மிக மிக ஆவல்' என்று எழுதியிருந்தார். ஈமெயிலை அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு மாதமாக சீனிவாசராகவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"இன்னிக்கு வியாழன். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவர் வரார். பெருங்காயத்தோட எப்படிக் காட்டுவேன்?" என்று மனைவியைப் பார்த்தார்.

"உள்ளதைச் சொல்லிட்டாப் போச்சு," என்றாள் கோமளம்.

"உனக்கென்ன! நான் தோத்தா உனக்கு ரூம் கிடைக்கும்!"

அதுவும் உண்மைதான். கோமளம் எழுபத்தைந்தாம் வருஷத்தில் மாநில அரசு ஊழியர் அணியின் டேபிள் டென்னிஸ் சாம்பியன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் அடித்த பந்தை எதிர்கொள்ள ஹுப்ளி, தார்வார் பக்கத்து ஆண்களே தயங்குவார்கள். ரிடையரானதும் சொந்தமாக ஒரு மேஜை வாங்கினாள். இரண்டு வருஷமாக அது கார் ஷெட்டில் மடங்கிக் கிடக்கிறது. வீட்டில் அதைப் போடுகிற அளவுக்கு நீளமான அறை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பின்கட்டு அறை.

லியாங் வருகிற செய்தி கேட்டதும் கோமளம் நிதானமாக ஒரு ஒப்பந்தம் போட்டாள். "அந்த மனுஷர் குடிச்சுப் பாத்து, இது நிஜமாவே பழசுன்னு சொன்னா, ரூம் ஆயுசுக்கும் உங்களோடது. நான் வாயே திறக்கல. இல்லேன்னு சொன்னா, திங்கட்கிழமை காத்தால மேஜை உள்ள வந்துடும். சரியா?"

"சரி!" என்று அப்போது மார்தட்டினவர்தான் இப்போது வட்டும் கையுமாக நிற்கிறார்.

"காத்தாட வெச்சாப் போயிடும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நெழல்ல, நல்ல காத்துல, ஒரு முழு நாள்."

வட்டை மெல்லிய துணிப்பையில் போட்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், துணிக் கொடியில் கட்டித் தொங்கவிட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மாடி ஏறிப் போய் மோந்து பார்த்தார். மத்தியானம் மூன்று மணிக்குப் பெருங்காயம் பாதி குறைந்தேவிட்டது. சந்தோஷம் தாங்காமல் இறங்கி வந்து ஒரு அரை மணி கண்ணயர்ந்தார்.

எழுந்தபோது ஜன்னல் வழியே வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது.

மாடிக்கு நாலு நாலு படியாகத் தாவினார். பக்கத்து வீட்டுக் கொல்லையில், ஞானசேகரன் ஆளுயரத்துக்கு யூகலிப்டஸ் சருகைக் குவித்துக் கொளுத்திவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறு கிலோ. புகை நேராகத் துணிப்பையைக் குறிபார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

"சேகரன்! என்ன பண்றீங்க!"

"கொசு, மேன்!" என்று கீழேயிருந்து உற்சாகமாகக் கையாட்டினார் ஞானசேகரன். "யூகலிப்டஸ் புகை போட்டா ஒரு வாரத்துக்கு ஒண்ணு வராது. உங்க பக்கமும் வருதில்ல? ஃப்ரீ!"

பையை அவிழ்த்து மோந்தார். பெருங்காயத்தின் மேல் புகை; புகையின் மேல் தைல வாசனை. ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிற மாதிரி மூக்கு சில்லென்று திறந்துகொண்டது.

விஷயத்தைக் கேட்டதும் ஞானசேகரனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. நல்ல மனுஷர். வெள்ளிக்கிழமை காலையில், அவரே ஒரு மரப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது எங்க டாடியோட பெட்டி, மேன். பர்மா தேக்கு. ஒரு நாள் உள்ள வெச்சு மூடுங்க, எந்த ஸ்மெல்லா இருந்தாலும் பலகை உறிஞ்சிரும். மம்மியோட ஃபர் கோட்டே இதுலதான் இருந்துச்சு."

"நிஜமாவா?"

"நான் பொய் சொல்வேனா? அதுவும் சர்ச்சுக்குப் போற சண்டே அன்னிக்கு?"

"இன்னிக்கு வெள்ளி."

"சண்டே வந்துரும்ல?"

பெட்டி கனமாக, அழகாக இருந்தது. பித்தளைப் பூண். சீனிவாசராகவன் வட்டை உள்ளே வைத்து மூடி, மேலே ஒரு போர்வையும் போர்த்திவிட்டார். சாயங்காலம் வரைக்கும் பக்கத்திலேயே போகவில்லை. திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். ஆறு மணிக்குக் கோமளத்தையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு திறந்தார்.

கோமளம் ஒரு இழுப்பு இழுத்தாள். "சுக்கு," என்றாள். இன்னொரு இழுப்பு. "திப்பிலி. அதிமதுரம். ஏதோ பட்டை."

மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிக் கேட்டதில் ஞானசேகரனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஆமா, டாடி மருந்து குடுப்பாருல்ல? ஃப்ரேசர் டவுன் ஃபுல்லா அவர்கிட்டதான் வருவாங்க. கஷாயச் சாமானெல்லாம் இந்தப் பெட்டியிலதான் முப்பது வருஷம் வெச்சிருந்தாரு. ஏன், இன்னும் வருதா? பாருங்க, அந்தக் காலத்துச் சரக்கு!"

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு சீனிவாசராகவனுக்கு இறங்கவில்லை. சனிக்கிழமை விடியும்போது ஒரு யோசனை மூளையில் பளிச்சென்று அடித்தது. படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கோமளம்! எப்படித் தோணாமப் போச்சு எனக்கு? இந்த வட்டை எப்படிச் செய்யறான்? உதிரி இலையை ஆவியில வேகவெச்சு, துணியில சுத்தி, மேல கல்லை வெச்சு அழுத்தறான். அப்ப இன்னொரு தரம் ஆவி காட்டினா, நடுவுல ஏறின வாசனையெல்லாம் ஆவியோட போயிடும்! சுத்தமா ஆயிடும்! அஞ்சே நிமிஷம்!"

"எதுல ஆவி காட்டுவேள்?"

அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"இட்லிப் பானையைத் தொடப்படாது."

"அஞ்சே நிமிஷம், கோமளம். ரூம் விஷயம்."

"என்னோட ரூம் விஷயமும்தான்," என்றாள் அவள். ஆனாலும் பானையைக் கழுவி எடுத்துக் கொடுத்தாள். ஆட்டத்தில் எதிராளிக்கும் நியாயம் செய்கிறவள்.

காகிதத்தைப் பதனமாகப் பிரித்துத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வட்டை இட்லித் துணியில் கிடத்தி, மூடியைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷம் ஆனபோது டெலிபோன் அடித்தது.

"ஹலோ, சார், நான் தீபிகா பேசறேன். மிஸ்டர் லியாங்கோட இன்டர்ப்ரெட்டர். நாளைக்கு வரோம்ல, வழி கேக்கலாம்னு."

தமிழ்ப் பெண்! ஈரோட்டுக்காரியாம். சாஃப்ட்வேர் கம்பெனி அவளைச் சீனாவில் இரண்டு வருஷம் போட்டிருந்ததாம். சீனிவாசராகவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டரி ரோடு வழியாக வரச் சொன்னார். அப்புறம் அந்தப் பக்கம் ஒன்வே என்று ஞாபகம் வந்து, ரிச்சர்ட்ஸ் பார்க்கைச் சுற்றி வரச் சொன்னார். லியாங் என்ன சாப்பிடுவார், எந்தத் தண்ணீர் பிடிக்கும், அறுபத்திரண்டாம் வருஷத்து வட்டுகளை இதுவரைக்கும் எத்தனை பார்த்திருக்கிறார் என்று விசாரித்தார்.

"பெரியவர் வந்ததுலேர்ந்து உங்க டீ கேக்கைப் பத்தித்தான் சார் பேசிட்டிருக்காரு," என்றாள் தீபிகா. அதைக் கேட்டு இன்னும் ஐந்து நிமிஷம் பேசினார்.

போனை வைத்துவிட்டு வந்து மூடியைத் திறந்தபோது உள்ளே வட்டு இல்லை. கன்னங்கரேலென்று ஒரு குவியல், அடிபிடித்த கேசரி மாதிரி பொதபொதவென்று கிடந்தது.

"நாப்பத்திரண்டு வருஷம்!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"உக்காந்தா ஆயிடுமா?" என்று கோமளம்தான் எழுப்பினாள். "சூடு இருக்கறச்சேயே துணியில முடிஞ்சு அழுத்துங்கோ. நீங்கதானே சொன்னேள், கல்லு வெக்கறான்னு."

முற்றத்தில் துணி மூட்டையை வைத்து, அதன் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார்கள். அழுந்தவில்லை. முத்தம்மாவை ஏறி நிற்கச் சொன்னார்.

"இன்னாத்துக்கு சாமி? கால்ல படப்போவுது, நாளைக்கு அதைக் குடிக்கப் போறீங்க!"

"துணி இருக்கு, மேல கல்லு இருக்கு. ஏறு!"

ஏறினாள். முத்தம்மா நாற்பது கிலோவைத் தாண்டமாட்டாள். கல் அசையவே இல்லை. மதிலுக்கு மேல் ஞானசேகரனின் தலை தெரிந்தது.

"நான் வரட்டா, மேன்?"

வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு அம்மிக்கல்லின் மேல் ஏறினார். கீழே சர்ரென்று ஏதோ அடங்கியது. பதினைந்து நிமிஷம் அப்படியே நின்றார். சும்மா நிற்க முடியாமல் குண்டக்கல் லைனில் தான் பார்த்த ஒரு தடம்புரளலைப் பற்றி விரிவாகச் சொன்னார். இறங்கினதும் மூட்டையைப் பிரித்தார்கள்.

வட்டு! வட்டமாக, கனமாக, முன்னைவிட அழுத்தமாக! ஒரு ஓரம் மட்டும், ஞானசேகரனின் இடது கால் இருந்த பக்கம், கொஞ்சம் சரிந்திருந்தது. சீனிவாசராகவன் அவரைக் கட்டிக்கொண்டார்.

ஆனால் வட்டு சொட்டச் சொட்ட ஈரம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஹேர் டிரையரை எடுத்தால் கரண்ட் போய்விட்டது. கடைசியில் குளியலறையில் சுவரோடு பதித்த செப்பு ஹண்டேயின் நினைவு வந்தது. அடியில் விறகெரித்து வெந்நீர் போடுகிற பழைய பாத்திரம். அணைத்த பிறகும் விடிய விடியக் கதகதப்பாக இருக்கும். அதன் மூடி மேல் வட்டை வைத்துவிட்டு, "இது நன்னா உலரணும். யாரும் தொடாதீங்கோ!" என்று உத்தரவு போட்டார்.

யாரும் தொடவில்லைதான். ஆனால் சனிக்கிழமை மாலை வேலை முடித்துப் போகும்போது, கரி விழுந்துவிடுமே என்று முத்தம்மா நல்ல எண்ணத்தோடு வட்டின் மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுப் போனாள். மழையில் நனைந்திருந்த சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்கை விலக்கினபோது வட்டு கிட்டத்தட்ட உலர்ந்திருந்தது. அதிலிருந்து கிளம்பியது, பூட்டிக் கிடந்த கிடங்கை ஐப்பசி மழைக்கு நடுவில் திறந்தால் வருகிற வாசனை. ஈர மண்ணும் பழைய மரமும். அடியில் சுக்கு, அதற்கடியில் புகை, தைலம். எல்லாவற்றுக்கும் அடியில், அசையாமல் ஆணி அடித்த மாதிரி, பெருங்காயம்.

"போன் பண்ணி எனக்கு அம்மை போட்டிருக்குன்னு சொல்லிடேன்," என்றார் சீனிவாசராகவன்.

"நான் பொய் சொல்லமாட்டேன்."

"சரி, உண்மையையாவது சொல்லாம இரு!"

கோமளம் யோசித்தாள். "அவர் என்னை நேராக் கேட்காத வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன். கேட்டா, பொய் வராது. அவ்வளவுதான்."

சரியாக நாலு மணிக்கு வாசலில் டாக்ஸி நின்றது. லியாங்குக்கு அறுபது வயசு இருக்கும். குட்டையாக, ஒல்லியாக, சாம்பல் நிற சஃபாரி சூட்டில் இறங்கினார். கூடவே சல்வார் கமீஸில் தீபிகா. லியாங் வீட்டைப் பார்க்கவில்லை, தோட்டத்தைப் பார்க்கவில்லை, கோமளம் நீட்டின முறுக்கைப் பார்க்கவில்லை. நேராகப் பின்கட்டு அறைக்கு வந்து பாயில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

காகிதத்தில் மறுபடி சுற்றி வைத்திருந்த வட்டை சீனிவாசராகவன் அந்தக் கைகளில் வைத்தார்.

லியாங் முதலில் காகிதத்தைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, அச்செழுத்துகளை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பிரித்தார். சரிந்த ஓரத்தைத் தடவினார். புருவம் ஏறியது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சீன மொழியில் ஒரு நிமிஷத்துக்கு மேல் படபடவென்று பேசினார்.

"என்ன சொல்றார்?" என்றார் சீனிவாசராகவன்.

"தண்ணி கொதிக்க வெக்கச் சொல்றாரு," என்றாள் தீபிகா.

"அவ்வளவு நேரம் பேசினாரே?"

"மத்ததெல்லாம் டெக்னிக்கல், அங்கிள். எனக்கும் சரியாப் புரியல. அப்புறமா கேட்டுச் சொல்றேன்."

லியாங் ஒரு சின்ன ஊசியால் வட்டின் ஓரத்தில் நெம்பி, ஒரு சிட்டிகை இலையைப் பெயர்த்தார். சீனிவாசராகவனின் செம்மண் கெண்டியில் அதைப் போட்டு, முதல் தண்ணீரை ஊற்றிக் கழுவிக் கொட்டினார். இரண்டாவது தண்ணீரைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றினார். சிவப்பும் கறுப்பும் கலந்து, விளக்கெண்ணெய் மாதிரி வழவழவென்று இறங்கியது.

குடித்தார். கண்ணை மூடினார்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கற்பூரம்," என்றாள் தீபிகா.

"அடிச்சுது யூகலிப்டஸ்," என்று கோமளம் வாய்க்குள் முனகினாள். சீனிவாசராகவன் அவளை முழங்கையால் இடித்தார்.

இரண்டாவது சுற்று. இப்போது லியாங்கின் குரல் ஏறியது.

"மருந்து வாசனையாம். ஜின்ஸெங் மாதிரி. ரொம்ப ரொம்ப உயர்ந்த வட்டுலதான் வருமாம்."

மூன்றாவது சுற்று. லியாங் முழங்காலில் அடித்துக்கொண்டார்.

"புகை. காட்டுக்குள்ள விறகு அடுப்புல உலர்த்தின பழைய காலத்துப் புகையாம்."

நாலாவது சுற்று. அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மழை பேஞ்ச மண்ணு. மூடிக்கிடந்த கிடங்கு. அங்கிள், இதெல்லாம் சேர்ந்து வரணும்னா, குறைஞ்சது நாப்பது வருஷம் ஆகணுமாம்!"

சீனிவாசராகவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தானும் ஒரு கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்தார். கற்பூரம்! ஆமாம், கற்பூரமேதான்! ஜின்ஸெங்! காட்டுப் புகை! மூன்று நாளாக எதைக் கண்டு நடுங்கினாரோ அதெல்லாம் நாக்கில் ஒவ்வொன்றாக வந்து கைகட்டி நின்றது. யூகலிப்டஸாவது, மரப்பெட்டியாவது! அதெல்லாம் மேல்பூச்சு, உள்ளே இருப்பது நாற்பத்திரண்டு வருஷம். இல்லாவிட்டால் இப்படி வருமா? அவர் மனப்பூர்வமாக நம்பிவிட்டார்.

"ஹாங்காங் கிடங்கு வாசனைன்னு சொல்லும்மா!" என்று குதித்தார். "அறுபதுகள்ல அங்கதான் எல்லாரும் வெப்பா! அப்பவே தெரியும் எனக்கு!"

ஐந்தாவது சுற்றில் லியாங் திடீரென்று நின்றார். கிண்ணத்தை மோந்தார். மறுபடி மோந்தார். அறையைச் சுற்றி வந்தார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டுக் கோமளத்தின் முன்னால் வந்து நின்று ஏதோ கேட்டார்.

"எல்லாத்துக்கும் அடியில இன்னொரு வாசனை இருக்காம்," என்றாள் தீபிகா. "ஐம்பது வருஷமா தேயிலையில இருக்கேன், இதை மட்டும் நான் பாத்ததே இல்லைங்கறாரு. அது என்னன்னு ஆன்ட்டியைக் கேக்கறாரு."

நேராகக் கேட்டுவிட்டார். சீனிவாசராகவன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். பார்வையிலேயே பின்கட்டு அறை, ஜாடிகள், கூடைகள், பதினோரு வருஷத்து வாழ்க்கை எல்லாவற்றையும் காட்டிக் கெஞ்சினார்.

கோமளம் நிதானமாகச் சொன்னாள்: "எங்க ஆத்து வாசனைன்னு சொல்லும்மா. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து, அது இல்லாத நாளே இங்க கிடையாது."

தீபிகா சொன்னாள். லியாங் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கோமளமும் ஒரு கிண்ணம் எடுத்துக் குடித்தாள். பதினோரு வருஷத்தில் இதுவே முதல் தடவை. நாக்கைச் சப்புக்கொட்டினாள். "நன்னாத்தான் இருக்கு. மிளகு ரசம் குடிச்ச மாதிரி தெம்பா இருக்கு." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சரின்னா. ஆட்டம்னா ஆட்டம்தான். ரூம் உங்களோடது. மேஜையை நான் சேகரன் ஷெட்டுல போட்டுக்கறேன்."

சீனிவாசராகவனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. எந்த ஆட்டத்திலும் அவளை ஜெயித்ததில்லை அவர். இதுதான் முதல் தடவை. அவள் கையைப் பிடித்து என்னவோ சொல்லப் போனார்.

அதற்குள் லியாங் அவர் எதிரே வந்து நின்றுவிட்டார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, இடுப்பு வளைய மூன்று முறை குனிந்து வணங்கினார். குரல் தழுதழுக்கப் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே போனார். வட்டைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், இரண்டு கைகளையும் விரித்து எதையோ இல்லை இல்லை என்று ஆட்டினார், சீனிவாசராகவனின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கேட்டுக்கொண்டே இருந்த தீபிகாவின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. லியாங்கிடம் சீன மொழியில் ஏதோ திருப்பிக் கேட்டாள். அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, பேனாவைத் திறந்து நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் புரட்டினார்.

"என்னம்மா சொல்றார்?" சீனிவாசராகவன் பூரிப்போடு கேட்டார். "கூச்சப்படாமச் சொல்லு. ஒரு வார்த்தை விடாமச் சொல்லு. கோமளமும் கேக்கட்டும்!"

தீபிகா துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"அங்கிள், இந்த கேக்கை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவரோட ஃபேக்டரியிலதான் செஞ்சாங்களாம், அறுபத்திரண்டுன்னு லேபிள் ஒட்டினதும் அவரேதானாம், ஆனா அந்த நாப்பது வருஷத்து வாசனை மட்டும் தலைகீழா நின்னும் அவருக்கு வரவே இல்லையாம், நீங்க அதை எப்படிப் போட்டீங்கன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்கன்னு கேக்கறாரு."